தானம் கொடுத்த மாட்டின் பல்

"தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே" என்று ஒரு பழமொழி நம்மவர்களுக்குள் வெகுகாலமாய் வழங்கி வருகின்றது. இந்தப் பழமொழியைக் கட்டினவன் யாராயிருப்பான் என்று சற்று யோசித்துப் பார்த்தால், அவன் மாட்டை வாங்கிக் கொண்டவனாய் இருக்க முடியாது என்பது எவருக்கும் விளங்கும். பல் போன கிழ மாட்டைத் தன் கொட்டகையை விட்டுத் தள்ளி, தீனிச் செலவையும் மிச்சம் பிடித்து, அதற்குமேல் தர்மப்பிரபு என்கின்ற பேரையும் சம்பாதித்துக் கொண்டவன் எவனோ, அவன்தான் வாங்கினவன் வாயை மூடுவதற்காக இதைச் சொல்லி வைத்திருக்க வேண்டும். அந்தக் காலத்தில் மாடு. இந்தக் காலத்தில் மோட்டார். மாட்டுக்குப் பல், மோட்டாருக்கு கியர் பெட்டி. மற்றப்படி சங்கதி ஒன்றுதான்.

இதை எழுத நேர்ந்த காரணம் யாதெனில், அமெரிக்காவில் உத்தியோகம் பார்த்து வரும் நமது தோழர் ஒருவர் நமக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கின்றார். அவர் வீட்டில் எட்டுப் பேர் உட்காரக்கூடிய எஸ்.யு.வி. என்னும் பெரிய குடும்ப மோட்டார் ஒன்று இருக்கின்றது. பிள்ளைகள் இருவரும் வளர்ந்து காலேஜுக்குப் போய்விட்டார்கள். வண்டி 1,80,000 மைல் ஓடிவிட்டது. கியர் பெட்டி வழுக்குகின்றது. அதை மாற்ற மெக்கானிக் 3,500 டாலர் கேட்கின்றார். பக்கத்து வீட்டுக்காரர், "தர்ம ஸ்தாபனத்துக்கு டெலிபோன் செய்யுங்கள், அவர்களே வந்து இழுத்துக் கொண்டு போவார்கள், விலைப் புஸ்தகத்தில் உங்கள் வண்டிக்கு 5,000 டாலர் போட்டிருக்கின்றது, அவ்வளவையும் வருமான வரியில் கழித்துக் கொள்ளலாம்" என்கின்றார். தோழரின் மனைவியாரோ, "ஆபீசில் கூட்டிப் பெருக்கும் அம்மாள் இரண்டு பஸ் மாறி விடியற்காலையில் வேலைக்கு வருகின்றார், அவருக்கே கொடுத்துவிடலாம்" என்கின்றார். தோழர், "நானே விற்றுவிட்டால் என்ன?" என்று நினைக்கின்றார். "இம்மூன்றில் பகுத்தறிவுக்கு ஒத்தது எது?" என்பது கேள்வி.

நமக்கு மோட்டார் கிடையாது. பஸ்ஸிலும் மூன்றாம் வகுப்பு மாதிரியான ரயில் பெட்டியிலும் நின்றுகொண்டே பிரசாரத்துக்குப் போய் வருகிறவர்கள் நாம். காலேஜ் வாசற்படியை மிதித்தவர்களுமல்ல. ஆனாலும் கூட்டலும் கழித்தலும் நமக்குத் தெரியும். இந்தக் கேள்விக்கு அதற்குமேல் கணக்கு வேண்டியதில்லை.

முதலாவது, பக்கத்து வீட்டுக்காரர் சொல்லுவது இருபது வருஷத்துக்கு முந்திய கதை என்பதைத் தோழர் அறிய வேண்டும். அக்காலத்தில் அமெரிக்காவில் பழைய மோட்டாரைத் தர்மத்துக்குக் கொடுத்தவர், அதன் சந்தை விலை இன்னது என்று தானே மதிப்புப் போட்டு, அதை வருமானத்தில் கழித்துக் கொள்ளலாம் என்று இருந்தது. 2000-ஆம் வருஷக் கணக்குக்கு மாத்திரம் சுமார் 7,33,000 பேர் இப்படிக் கழித்துக் கொண்டதாகவும், அதனால் சர்க்காருக்கு வரவேண்டிய வரியில் சுமார் 65 கோடி டாலர் குறைந்ததாகவும், அந்நாட்டுக் காங்கிரசின் தணிக்கை இலாகா 2003-ல் கணக்கெடுத்துச் சொல்லிற்று. அதோடு நிற்காமல், 54 வண்டிகளைத் தேர்ந்தெடுத்து, கொடுத்தவர் வாசலிலிருந்து கடைசி வரையில் பின்தொடர்ந்து போய்ப் பார்த்தார்கள். அவற்றில் மூன்றில் இரண்டு பங்கு வண்டிகளின் விஷயத்தில், கொடுத்தவர் 100 டாலர் என்று மதிப்புப் போட்டதில் தர்மத்துக்குப் போய்ச் சேர்ந்தது 5 டாலரோ அதற்கும் குறைவோதான்.

அவற்றில் ஒன்றை மாத்திரம் இங்கே எடுத்துக் காட்டுகின்றோம். 1983-ஆம் வருஷத்து ஜி.எம்.சி. டிரக் ஒன்று. கொடுத்த மகானுபாவர் தம் வரிக் கணக்கில் 2,400 டாலர் என்று எழுதினார். ஏலத்தில் அது 375 டாலருக்குப் போயிற்று. விளம்பரச் செலவும் விற்ற செலவும் போக நின்றது 63 டாலர். அதிலும் பாதி தரகருக்கு. தர்ம ஸ்தாபனத்தின் கைக்கு வந்தது 31 டாலர் 50 சென்ட். இப்பொழுது கேட்கின்றோம்: இதில் தர்மம் செய்தது யார்? 2,400 டாலருக்கு வரிச் சலுகை வாங்கியவரா, 31 டாலருக்காகக் கும்பிடு போட்ட ஸ்தாபனமா, அல்லது நடுவில் நின்று பங்கு பிரித்துக் கொண்ட தரகரா? உண்மையில் செலவு செய்தது வரி கட்டும் பொது ஜனங்களே. அவர்களுக்கு நன்றி சொன்னவர் ஒருவருமில்லை.

இந்த வேடிக்கையைப் பார்த்த பிறகுதான் 2004-ல் சட்டம் செய்து, 2005 ஜனவரி முதல் அமலுக்குக் கொண்டு வந்தார்கள். அதன்படி 500 டாலருக்கு மேல் கழிக்க வேண்டுமானால், ஸ்தாபனம் வண்டியை என்ன விலைக்கு விற்றதோ அந்தத் தொகையைத்தான் கழிக்கலாம். அதற்கு 1098-சி என்னும் சீட்டை ஸ்தாபனம் விற்ற 30 நாளைக்குள் கொடுக்க வேண்டும். விலைப் புஸ்தகத்தில் 5,000 என்று போட்டிருந்தாலும் ஏலத்தில் 1,200-க்குப் போனால் 1,200தான். 500-க்குக் கீழே போனால், வண்டியின் உண்மை விலைக்கு மேற்படாமல் 500 வரையில் கழித்துக் கொள்ளலாம்.

சட்டம் வந்ததும் என்ன நடந்தது? 2004-ல் சுமார் 9 லட்சம் வண்டிகளுக்குத் தானக் கணக்கு எழுதினார்கள். 2005-ல் அது சுமார் 3 லட்சமாய்ச் சுருங்கிற்று. ஒரே வருஷத்தில் ஏழைகளின் கஷ்டம் மூன்றில் இரண்டு பங்கு தீர்ந்து போயிற்றா? இல்லை. கொடுப்பவர்களின் லாபம் தீர்ந்து போயிற்று. லாபம் போனவுடன் ஓடிப்போகின்ற தர்மத்துக்கு வியாபாரம் என்று பேர் வைப்பதில் என்ன தப்பு? மேலோகத்தில் மோட்சம் கிடைக்குமென்று ஒருவன் கொடுப்பதற்கும், இவ்வுலகத்திலேயே வரி இலாகாவில் சலுகை கிடைக்குமென்று மற்றொருவன் கொடுப்பதற்கும் வித்தியாசம், சலுகை வந்து சேருமா என்று பின்னவன் சரி பார்க்க முடியும் என்பது ஒன்றுதான்.

நிற்க, இன்றைக்கு நம் தோழருக்கு அந்தச் சலுகையாவது உண்டா என்று பார்ப்போம். அமெரிக்காவில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் கேள்வியில்லாமல் கழித்துக் கொடுக்கும் பொதுக் கழிவு ஒன்று இருக்கின்றது. 2017-ல் செய்த சட்டத்தால் அது ஏறக்குறைய இரட்டிப்பாயிற்று. 2025-ஆம் வருஷத்துக்குப் புருஷன் மனைவி இருவரும் சேர்ந்து கணக்குக் கொடுத்தால் அது 31,500 டாலர். வீட்டுக் கடன் வட்டி, மாகாண வரி, தர்மம் எல்லாம் சேர்ந்து இதைத் தாண்டினவர்கள்தான் தனித்தனியாய்க் கணக்கெழுதிக் கழிப்பதில் பிரயோஜனம். தாண்டாதவர்கள் யானையைத் தானம் கொடுத்தாலும் வரியில் ஒரு சென்ட் குறையாது. தாண்டினவராகவே வைத்துக் கொண்டாலும், வண்டி 1,200-க்குப் போய், அவர் 22 சதவிகித வரிப் படியில் இருந்தால், மிச்சமாவது 264 டாலர். 5,000 டாலர் என்று பக்கத்து வீட்டார் காட்டிய மலை இவ்வளவுதான்.

மற்றொரு சங்கதி பலர் கவனிப்பதில்லை. அந்தச் சீட்டில் எழுதியிருப்பது வண்டி விற்ற மொத்தத் தொகை. ஏலச் செலவும், இழுத்துப் போன கூலியும், தரகர் பங்கும் கழித்து ஸ்தாபனத்துக்கு எவ்வளவு மிஞ்சிற்று என்பதை அந்தச் சீட்டு சொல்லாது. ஆகையால் கையில் 1,200 என்று சீட்டு வந்துவிட்டதனாலேயே 1,200 டாலர் தர்மமாயிற்று என்று நினைத்து மார்தட்டுவது, உண்டியலில் போட்டதெல்லாம் சாமிக்குப் போயிற்று என்று நினைப்பதைப் போன்றதேயாகும்.

இனி யாருக்குக் கொடுப்பது என்பதைப் பற்றி ஒரு வார்த்தை. ரேடியோவில் குழந்தைகள் பாடும் விளம்பரப் பாட்டினால் அமெரிக்கா முழுவதும் பேர் போன கார்ஸ் ஃபார் கிட்ஸ் என்கின்ற ஸ்தாபனம் ஒன்று இருக்கின்றது. "குழந்தைகளுக்காகக் கார்" என்பதே அதன் பேர். இந்த ஸ்தாபனத்தின் பணத்தில் பெரும் பகுதி, யூதக் குழந்தைகளுக்கு மதப் படிப்பும் மதப் பயிற்சியும் அளிக்கும் தன் சகோதர ஸ்தாபனத்துக்குப் போகின்றது. இதை விளம்பரத்தில் சொல்லவில்லை என்பதற்காக 2009-ல் பென்சில்வேனியா, ஆரிகன் என்னும் இரு மாகாணங்களின் அட்டர்னி ஜெனரல்கள் நடவடிக்கை எடுத்து, ஸ்தாபனம் பணம் கட்டி ராஜி செய்து கொண்டது. 2017-ல் மினசோட்டா மாகாண அட்டர்னி ஜெனரல் கணக்கை ஆராய்ந்து, 2012 முதல் 2014 வரையில் அம்மாகாணத்து ஜனங்கள் கொடுத்ததில் வந்த சுமார் 30 லட்சம் டாலரில், அம்மாகாணத்துக் குழந்தைகளுக்குச் செலவானது 100-க்கு 1 கூட இல்லை என்று வெளியிட்டார்.

இதை யூதர்கள் மேல் குற்றமாக நாம் எழுதவில்லை. அவர்கள் மதத்துக்கு அவர்கள் பணம் சேர்ப்பது அவர்கள் இஷ்டம். இந்து மடமும் கிறிஸ்தவ மிஷனும் மசூதியும் இதையே செய்தால் இதையேதான் எழுதுவோம். "என் மதப் பள்ளிக்கூடத்துக்குக் கொடு" என்று நேராய்க் கேட்டால் கொடுக்க இஷ்டமுள்ளவன் கொடுப்பான். நமக்கு ஆக்ஷேபணை இல்லை. ஏழைக் குழந்தையின் முகத்தை முன்னால் காட்டி, மதத்தை முதுகுக்குப் பின்னால் ஒளித்து வைப்பதைத்தான் கூடாது என்கின்றோம். மதம் அவ்வளவு மேலான சரக்கானால் அதன் பேரைச் சொல்லியே விற்கக் கூடாதா?

அமெரிக்காவில் வரி விலக்குப் பெற்ற தர்ம ஸ்தாபனங்கள் வருஷந்தோறும் 990 என்னும் கணக்குப் படிவத்தைக் கொடுக்க வேண்டும். அதை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். என்ன வந்தது, எதற்குச் செலவாயிற்று, தலைவருக்குச் சம்பளம் என்ன என்பதெல்லாம் அதில் இருக்கும். ஆனால் சர்ச்சு, கோயில், மசூதி முதலிய வழிபாட்டு ஸ்தாபனங்களுக்கு மாத்திரம் இந்தப் படிவம் கொடுக்கும் கடமையே சட்டத்தில் இல்லை. கணக்குக் காட்ட வேண்டாத தர்மத்துக்கு மோட்டாரைக் கொடுப்பவர்கள், கொடுத்த பிறகு கணக்குக் கேட்க உரிமையில்லை என்று தெரிந்தே கொடுக்கட்டும்.

இவ்வளவும் சொல்லுவதால் மோட்டார் தானமே புரட்டு என்பது நம் கருத்தல்ல. வண்டியை ஏலத்துக்கு விடாமல் வண்டியாகவே ஏழைக்குக் கொடுக்கும் இடங்களும் இருக்கின்றன. வெர்மான்ட் மாகாணத்தில் 1996-ல் ஆரம்பமான குட் நியூஸ் கராஜ் என்பது, தானமாக வந்த வண்டியைப் பழுது பார்த்து, வேலைக்குப் போக வழியில்லாத ஏழைக் குடும்பங்களுக்கு அளித்து வருகின்றது. அது லுத்தரன் கிறிஸ்தவ சேவை ஸ்தாபனத்தைச் சேர்ந்தது; அதை அவர்கள் மறைத்து வைக்கவில்லை. மேரிலாண்டில் 1999-ல் ஆரம்பமான வெஹிக்கிள்ஸ் ஃபார் சேஞ்ச் என்பதும் இவ்வாறே செய்வதோடு, ஜெயிலிலிருந்து வெளிவந்தவர்களுக்கு மோட்டார் வேலை கற்றுக் கொடுக்கின்றது. சட்டமும் இப்படிப்பட்ட இடத்துக்கு வித்தியாசம் காட்டுகின்றது. ஏழைக்கு இலவசமாகவோ, சந்தை விலைக்கு மிகவும் குறைவாகவோ வண்டியாகவே கொடுத்தாலும், ஸ்தாபனமே ஏழைகளுக்கு அன்றாடம் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுப்பது போன்ற வேலைக்கு வெகுநாள் வைத்து ஓட்டினாலும், பெரிய பழுது பார்த்து மதிப்பை உயர்த்தினாலும், கொடுத்தவர் முழுச் சந்தை விலையையும் கழித்துக் கொள்ளலாம். வண்டியைத் துடைத்து வர்ணம் பூசினால் மாத்திரம் அது பெரிய பழுதாகாது.

அந்நாட்டு ஏழைக்கு மோட்டார் எதற்கு, அது பணக்காரனின் டம்பமல்லவா என்று இங்குள்ளவர்கள் கேட்கக்கூடும். அங்கே நியூயார்க் போன்ற சில பெரிய பட்டணங்களைத் தவிர மற்ற இடங்களில் வீடு ஒரு பக்கம், கடை ஒரு பக்கம், வேலை மற்றொரு பக்கம். பஸ் வந்தாலும் வரும், வராவிட்டாலும் கேட்பதற்கு ஆளில்லை. 1956-ல் சட்டம் செய்து நாடு முழுவதும் பெரிய ரஸ்தாக்கள் போட்டார்கள். ஊர்கள் அந்த ரஸ்தாக்களைப் பிடித்துக் கொண்டு பரவின. 1996-ல் ஏழைகளின் உதவிப் பணத்துக்கு வேலைக்குப் போவதை நிபந்தனையாக்கினார்கள். வேலைக்குப் போனால்தான் மோட்டார் வாங்கலாம். மோட்டார் இருந்தால்தான் வேலைக்குப் போகலாம். இந்த முடிச்சில் அகப்பட்டவர்களில் ஒருவர்தான் தோழர் ஆபீசில் கூட்டிப் பெருக்கும் அந்த அம்மாள்.

ஆகவே அந்த அம்மாளுக்கே கொடுத்து விடலாமே என்றால், தனி மனிதருக்குக் கொடுப்பதற்கு வருமான வரிச் சலுகை கிடையாது. ஆனால் அந்தச் சலுகையின் யோக்கியதையை மேலே கணக்குப் போட்டுக் காட்டியாயிற்று. அதற்காகப் பயப்பட வேண்டியதில்லை. 2025-ல் ஒருவருக்கு 19,000 டாலர் வரையில் இனாம் கொடுப்பதற்குச் சர்க்காருக்குத் தனிக் கணக்குக் கொடுக்கவும் வேண்டியதில்லை. தடை அதிலில்லை, தடை வண்டியில் இருக்கின்றது. கியர் பெட்டி கெட்ட வண்டியைக் கொடுத்தால் 3,500 டாலர் செலவையல்லவா அவர் தலையில் கட்டுகின்றோம்? எட்டுப் பேர் போகும் வண்டி ஒருவர் போவதற்குப் பெட்ரோல் குடிக்கும்; பெரிய டயருக்குப் பெரிய விலை; இன்ஷூரன்ஸ் மாதந்தோறும் வந்து நிற்கும். நடுரோட்டில் நின்றுவிட்டால் அன்றைய வேலை போகும். இரண்டு தரம் நின்றால் உத்தியோகமே போகும். பஸ்ஸாவது அவரிடம் பழுதுக்குப் பணம் கேட்பதில்லை.

தோழர் கடிதத்தை நாம் இரண்டு தரம் படித்தோம். பக்கத்து வீட்டுக்காரர் சொன்னது இருக்கின்றது, மனைவியார் சொன்னது இருக்கின்றது, மெக்கானிக் சொன்னது இருக்கின்றது, தோழர் நினைப்பதும் இருக்கின்றது. அந்த அம்மாள் சொன்னது ஒரு வரி கூட இல்லை. அவரை யாராவது கேட்டீர்களா? அவருக்கு லைசென்ஸ் இருக்கின்றதா, இன்ஷூரன்ஸ் கட்ட முடியுமா, பெரிய வண்டி வேண்டுமா சின்ன வண்டி வேண்டுமா, அல்லது அவசரமான வேறு கடன் ஏதாவது இருக்கின்றதா என்பது யாருக்காவது தெரியுமா? தானம் கொடுப்பவர்களின் பெரிய வியாதியே இதுதான். தன்னிடம் எது மிஞ்சிப் போயிற்றோ அதுவே ஏழைக்குத் தேவை என்று முடிவு கட்டிவிடுவார்கள். வாங்குகிறவருக்கும் சுயமரியாதை உண்டு, வேண்டாமென்று சொல்ல வாய் உண்டு, பல்லைப் பார்க்கக் கண் உண்டு என்பது அவர்கள் நினைவுக்கு வருவதேயில்லை.

ஆகையால் நாம் சொல்லும் யோசனையாவது: முதலில் அந்த அம்மாளிடம் வண்டியின் குறையை ஒன்று விடாமல் சொல்லிக் கேளுங்கள். அவருக்கு அது வேண்டுமானால், கியர் பெட்டியைத் தோழரே தம் செலவில் மாற்றி, ஒரு மாதம் தாமே ஓட்டிப் பார்த்து, பிறகு கொடுக்கட்டும். அவர் சும்மா வாங்கக் கூசினால் அவரால் முடிந்த விலையைக் கௌரவமாய்ப் பெற்றுக் கொள்ளட்டும். சின்ன வண்டிதான் உதவும் என்று அவர் சொன்னால், குறையைச் சொல்லியே இதை விற்று, வந்த பணத்தோடு பழுதுக்கு ஆகியிருக்கும் பணத்தையும் சேர்த்துக் கொடுக்கட்டும். ஒன்றும் வேண்டாமென்றால் அதையும் மரியாதையாய் ஏற்றுக் கொள்ள வேண்டியது.

அப்படி வேண்டாமென்று சொல்லிவிட்டால், வண்டியை வண்டியாகவே ஏழைக்குக் கொடுக்கும் ஸ்தாபனம் பக்கத்தில் இருக்கின்றதா என்று பார்க்கட்டும். இல்லாவிட்டால் தாமே விற்றுப் பணமாய்க் கொடுக்கட்டும்; நடுவில் தரகருக்குப் பங்கில்லை. தவிரவும் 2026-ஆம் வருஷக் கணக்கு முதல், பொதுக் கழிவு எடுத்துக் கொள்ளுகிறவர்களும் ரொக்கமாய்க் கொடுத்த தர்மத்தில், புருஷன் மனைவி சேர்ந்து கணக்குக் கொடுத்தால் 2,000 டாலர் வரையில் கழிக்கலாம் என்று 2025-ல் சட்டம் செய்திருக்கின்றார்கள். அது பணத்துக்குத்தான், வண்டிக்கு இல்லை. ஆகவே லாபத்தைப் பார்த்தாலும் விற்றுக் கொடுப்பதே மேல்.

எப்படிக் கொடுத்தாலும் டைட்டில் என்னும் உரிமைப் பத்திரத்தில் வாங்குகிறவர் பேரை வெறுமையாய் விட்டுக் கையெழுத்துப் போடக்கூடாது. வண்டி கைமாறியதை மோட்டார் இலாகாவுக்கு எழுதிவிட வேண்டும். இல்லாவிட்டால் எவனோ செய்த விபத்துக்கு இவர் வாசலில் போலீஸ் வந்து நிற்கும்.

தோழர்களே! கொடுப்பதை நாம் ஒருநாளும் கூடாதென்று சொன்னவர்களல்ல. யாருக்கு, எதற்கு, எவ்வளவு போய்ச் சேருகின்றது என்று கேட்காமல் கொடுப்பது தர்மமுமல்ல, அன்புமல்ல. கொட்டகையைக் காலி செய்வதுதான். அந்தப் பழமொழியை இனித் திருப்பிப் போடுங்கள். தானம் கொடுக்கும் மாட்டைக் கொடுக்கிறவனே முதலில் பல்லைப் பிடித்துப் பார்க்கட்டும். பார்த்ததை ஒளிக்காமல் சொல்லட்டும். வாங்குகிறவரும் கூசாமல் பிடித்துப் பார்க்கட்டும்.